சுவருக்குள் இருந்த கம்பி

அத்தியாயம் 6

மாரியம்மாள் அழுது முடிக்கும்வரை ஞானசேகரன் எதுவும் பேசவில்லை. அழுது முடித்த பிறகும் பேசவில்லை.

திருப்பாதிரிப்புலியூர் சன்னதித் தெருவில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது அவருடைய அலுவலகம். கீழே யாரோ அண்டா வாங்கினார்கள்போல. தட்டித் தட்டிப் பார்க்கும் ஓசை மேலே வந்து, நின்று, மறுபடி வந்தது. அந்த ஓசை இல்லாவிட்டால் அறையில் மூன்று பேர் இருப்பதே வெளியில் தெரிந்திருக்காது.

அவருடைய உதவியாள் பொன்னிக்குத்தான் பொறுக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை மாரியம்மாளின் கையில் திணித்தாள்.

"சார் பேசலன்னா கோவம்னு நெனைக்காதக்கா. அவரு கல்யாணத்துலயே தாலி கட்டி முடிச்சப்புறந்தான் பொண்ணு பேரக் கேட்டாராம்."

மாரியம்மாள் சிரிக்கவில்லை. ஆனால் பாட்டிலைத் திறந்தாள்.

விஷயம் சின்னதுதான். சின்னதாக இருந்ததால்தான் ஞானசேகரனுக்கு அது பிடிபடவில்லை. சிதம்பரத்தில் வைத்திலிங்கம் என்பவர் லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேலை இல்லாத நாள், முதல் மாடியில் ஒரு தடுப்புச் சுவர் சாய்ந்தது. அதன் நிழலில் படுத்திருந்த காவல்காரர் ராமாமிர்தம் செத்துப்போனார். சுவரைக் கட்டியவர் மாரியம்மாளின் கணவர், கொத்தனார் சடையப்பன்.

அது செங்கல் சுவர் இல்லை. நடுவில் ஓட்டை விட்டுச் சுட்ட, ஓடு மாதிரி மெல்லிய களிமண் கல்லால் எழுப்பிய சுவர்; கனம் நாலே அங்குலம். எடை குறைவு, சீக்கிரம் எழும்பும். ஆனால் தனியாக நிற்கத் தெம்பு போதாது. அதனால் மூன்று வரிக்கு ஒரு தரம், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் பரப்பும் கலவைக்குள் மெல்லிய இரும்புக் கம்பியை ஜோடியாகப் படுக்கவைத்து, ஒரு முனையைக் கொக்கிபோல வளைத்துத் தூணில் போட்ட துளைக்குள் சொருகிவிட வேண்டும். அந்தக் கம்பிதான் சுவரின் நரம்பு. திங்கட்கிழமை காலை அதிகாரிகள் வந்து இடிபாட்டைக் கிளறியபோது அதில் ஒரு கம்பிகூட இல்லை. கம்பியெல்லாம் நான் கொடுத்தேன், ஆள் வித்துட்டான் என்றார் வைத்திலிங்கம். அன்று சாயங்காலமே சடையப்பனைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

"நான் சித்தாளு சார். அந்தச் செவுத்துக்குக் கலவ தூக்கினதே நான்தான். கம்பி வெச்சத இந்தக் கண்ணால பாத்தேன். பொண்டாட்டி சொன்னா எடுபடாதுன்னுட்டாங்க."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?" என்று ஞானசேகரன் கேட்டார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

மாரியம்மாள் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"போடலங்குறாரு. இன்னிக்குக் காலையில பாக்கப் போனேன். என் மொகத்தப் பாக்காமயே, நான் போடல, நாளைக்கு மாஜிஸ்திரேட்டுகிட்ட அப்பிடித்தான் சொல்லப்போறேன், நீ வூட்டப் பாருங்குறாரு. எங்கிட்ட பொய் சொல்லத் தெரியாத மனுசன் சார். சொல்லிட்டு, செவுத்தப் பாத்துத் திரும்பி ஒக்காந்துக்கிட்டாரு."

பிறகு, குரலை உயர்த்தாமல், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலச் சொன்னாள்:

"அவரு ஒத்துக்கிட்டாருன்னா அப்புறம் நான் உசுரோட இருக்கமாட்டேன் சார்."

கீழே அண்டாவின் ஓசை நின்றுவிட்டிருந்தது. ஞானசேகரன் எழுந்து சட்டைப் பையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அதுதான் அவருடைய சம்மதம்.

அவருடைய பழைய ஆம்னி வேனைப் பொன்னிதான் ஓட்டுவாள். கடலூர் முதுநகர் தாண்டும்வரை ஓயாமல் பேசினாள். வைத்திலிங்கம் முகத்தைப் பார்க்காமலே அவருக்கு மீசை வைத்து, மோதிரம் போட்டு, தண்டனையும் கொடுத்து முடித்தாள். அதற்கப்புறம் அவளும் அடங்கிவிட்டாள். வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி ஏறியபோது ஞானசேகரன் ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார். காப்பீட்டு சர்வேயராக அவர் வருஷக்கணக்காகப் பார்த்ததெல்லாம் எரிந்த கடைகளும் விழுந்த சுவர்களும்தான். இடிபாடுகளும் பொய் சொல்லும் என்பது அவர் அனுபவம். ஆனால் ஒரு மனிதன் தன்னைத் தானே மாட்டிவிட்டுக்கொள்ளும் பொய்யை அவர் அதிகம் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட பொய்க்குப் பின்னால் எப்போதும் இன்னொரு ஆள் நிற்பான். சடையப்பன் யாரை மறைக்கிறான்?

வைத்திலிங்கத்துக்கு மீசை இல்லை. லாட்ஜ் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாரியம்மாளை வேனிலேயே குனிந்து இருக்கச் சொல்லிவிட்டுப் பொன்னி இறங்கி, இன்சூரன்ஸ் விஷயமாக சார் வந்திருக்கார் என்றாள். அது முழுப் பொய்யும் இல்லை. அந்த ஒரு வார்த்தைக்கு வைத்திலிங்கம் எழுந்து நின்று, வந்தவர்களுக்கு டீ சொல்லி, கேட்காததற்கெல்லாம் பதில் சொன்னார். நல்ல கம்பியாக வாங்கிப்போட்டேன், பாருங்கள், மிச்சம் மேலே கட்டாகக் கிடக்கிறது, பாதியைத் திருடிவிட்டான், ஏழைக்கு இரக்கப்பட்டதுதான் என் தப்பு என்று சொல்லிக்கொண்டே போனார். நாளை காலையில் இடிபாட்டை அள்ளிக் கொட்டிவிட்டு வேலையைத் தொடங்கப்போவதாகவும், அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள் என்றும் சொன்னார்.

முற்றத்தில் தார்ப்பாய் போர்த்திக் கறுப்பு கிரானைட் பலகைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஆள் உயரம், நல்ல கனம். பொன்னி ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து மயங்கிப்போனாள்.

"சார், என் கிச்சன் மேடைக்கு இதுதான். பாருங்க, இவங்க கல்லுக்குக்கூட குங்குமம் வெச்சு வளக்குறாங்க."

முதல் பலகையின் விளிம்பில் செங்காவி நிறத்தில் ஒரு தீற்றல் இருந்தது. பொன்னி அதன் பக்கத்தில் கன்னத்தை வைத்து ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டாள். ஞானசேகரன் அதைப் பார்த்துவிட்டு மாடி ஏறினார். வைத்திலிங்கம் டீ வாங்க ஆளை விரட்டப் போன நேரத்தில் மாரியம்மாளும் பின்னாலேயே ஏறி வந்துவிட்டாள்.

முதல் மாடியில் இரண்டு தூண்களுக்கு நடுவே வானம் தெரிந்தது. கீழே உடைந்த கல்லும் காய்ந்த கலவையும் குவியலாகக் கிடந்தன. ஒரு ரப்பர் செருப்பு மட்டும் ஓரத்தில் தனியாக இருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

ஞானசேகரன் குந்தி உட்கார்ந்தார். கலவைத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் அதையே செய்தார். பிறகு நீளமான ஒரு துண்டைப் பொன்னியிடம் நீட்டினார். அதன் முதுகில், கோலால் கீறியதுபோல நேராக ஒரு பள்ளம் ஓடியது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

"எறும்புக்கு டபுள் ரோடு போட்டிருக்காங்க," என்றாள் பொன்னி.

அவர் விரலை எச்சில் தொட்டுப் பள்ளத்தில் தேய்த்துக் காட்டினார். விரல் நுனி பழுப்பாகிவிட்டது.

"கலவை காயறப்ப இதுக்குள்ள கம்பி படுத்திருந்துது. விழுந்த அப்புறம் யாரோ உருவி எடுத்துட்டாங்க."

மாரியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய இரண்டு கைகளும் அந்தக் கலவைத் துண்டைக் கேட்டு நீண்டன. வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பள்ளத்தின் மேல் விரலை ஓட்டினாள், திரும்பத் திரும்ப.

"அப்ப அவரு போட்டாரு. நான் சொன்னேன்ல சார். போட்டாரு."

பொன்னிக்கு அதோடு வழக்கு முடிந்துவிட்டது. கம்பி இல்லை என்றால் பழி கொத்தனாருக்கு. ஆதாயம் கீழே உட்கார்ந்திருப்பவருக்கு. அவர்தான் உருவியிருக்கிறார் என்றாள். இறங்கிப்போய் டீயைக் குடித்துவிட்டுக் கழுத்தைப் பிடிக்கலாமா என்றும் கேட்டாள்.

ஞானசேகரனின் கண் வேறு இடத்தில் இருந்தது. ஓரத்தில், வைத்திலிங்கம் சொன்ன புதுக் கம்பிக் கட்டு பிரிக்காமல் கிடந்தது. பளபளவென்று இருந்தது. அந்தக் கம்பி சுவருக்குள் போயிருந்தால், சுவர் எழும்பிய இந்த மூன்று வாரத்தில் இத்தனை துரு ஏறியிருக்காது. ஆக, சுவருக்குள் படுத்திருந்தது பழைய கம்பி. இரும்புக்கு ஆசைப்பட்டு வந்தவன் புதுக் கட்டை விட்டுவிட்டுத் துருப்பிடித்ததைத் தோண்டி எடுப்பானா? துருப்பிடித்தது என்று தெரிந்து, அது வெளியே தெரியக்கூடாது என்று பயந்தவன்தான் எடுப்பான்.

அப்புறம் அந்தக் கற்கள். இடிபாட்டுக்குப் பக்கத்தில், உடையாமல் தப்பிய கற்களை யாரோ வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அஞ்சு அஞ்சாக, ஓட்டை பக்கவாட்டில் பார்த்தபடி, ஒன்றுகூட முன்பின் இல்லாமல்.

"இத அடுக்கினது அதிகாரிங்களா?" என்று கேட்டார்.

"அவுங்க எங்க அடுக்குறாங்க. காலால தள்ளுவாங்க," என்றாள் மாரியம்மாள். இன்னும் அந்தப் பள்ளத்தைத்தான் தடவிக்கொண்டிருந்தாள். "எங்காளுங்கதான் இப்புடி வெப்பாங்க. ஓட்ட மேல பாத்தா மழத்தண்ணி நின்னு ஊறிடும்ல சார், அதுக்காவ..."

அவள் விரல் நின்றது.

கம்பியைத் தேடி அவசர அவசரமாகக் குவியலைக் கிளறியவன், கையில் முழுக் கல் வந்தபோதெல்லாம் அதைத் தூக்கி எறியவில்லை. பயத்திலும் அவன் கை தொழிலை மறக்கவில்லை. எறிந்தால் உடையும் என்று அடுக்கியிருக்கிறான்.

"ஞாயித்துக்கிழமை ராத்திரி இங்க காவலுக்கு யார் இருந்தது?"

மாரியம்மாள் தலை நிமிரவில்லை. முதலாளி ஒரு ஆளை விட்டுவிட்டுப் போகச் சொன்னதாகவும், அதனால் ஒருத்தன் தங்கியதாகவும் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். யார் என்று அவர் கேட்கவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தார். கீழே டீக்கிளாஸ் வைக்கும் ஓசை கேட்டது.

"எந்தம்பி சார். பூவரசன்."

கலவைத் துண்டை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். அதற்கு வலிக்கும் என்பதுபோல மெல்ல வைத்தாள்.

வேன் கிளம்பியபோது அவள் பின்சீட்டில் ஜன்னலோரம் ஒடுங்கியிருந்தாள். பூவரசனின் போன் இரண்டு நாளாக அணைந்திருக்கிறது. கிள்ளையில் சித்தப்பன் வீட்டில் இருப்பான், வேறு போக்கிடம் இல்லை என்று பொன்னியிடம் சொல்லியிருந்தாள். அவர்கள் மீனவக் குடும்பம். தானே புயலில் வீடும் வலையும் போனபிறகு தம்பி கடலை விட்டுவிட்டு அக்கா புருஷனோடு கட்டட வேலைக்கு வந்துவிட்டான். மாமா, மாமா என்று சடையப்பனின் பின்னாலேயே திரிவான். சடையப்பனும் மச்சான் சாப்பிட்டானா என்று கேட்காமல் தட்டில் கை வைக்கமாட்டார்.

சிதம்பரத்தைத் தாண்டியதும் அவள் சொன்னாள்:

"வேணாம் சார். திருப்பிடுங்க."

ஞானசேகரன் முன்சீட்டில் திரும்பாமலே இருந்தார்.

"திரும்பினா உங்க வீட்டுக்காரர் உள்ள போயிடுவாரு."

"போனா எந்தம்பி."

அவ்வளவுதான். வழியில் ஒரு ரயில்வே கேட் மூடியிருந்தது. பொன்னி இன்ஜினை அணைத்தாள். ரயில் வர நேரமானது. சடையப்பன் இதைத் திங்கட்கிழமையே கண்டுபிடித்திருப்பார் என்று ஞானசேகரனுக்குத் தோன்றியது. கம்பி இல்லை என்று சொன்ன அந்த நிமிஷமே கண்டுபிடித்திருப்பார். தன் கையால் வைத்த கம்பி காணாமல் போக வேண்டுமென்றால் எடுக்க யார் இருந்தார்கள் என்று அவருக்குத் தெரியும். மனைவியின் தம்பியைக் காட்டிக்கொடுப்பதைவிடத் தான் கட்டிய சுவரைக் காட்டிக்கொடுக்கலாம் என்று முடிவு செய்துவிட்டார். இப்போது அதே தராசைத் தூக்கி இவள் கையில் கொடுத்தாகிவிட்டது. கொடுத்தது தான்தான் என்பதும் ஞானசேகரனுக்குத் தெரிந்தது.

ரயில் போனது. கேட் எழுந்தது. பொன்னி வண்டியை எடுக்கவில்லை.

"எந்தப் பக்கம் சார்?"

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. இன்னொரு தரம் அடித்தது.

"கிள்ளைக்கே போ," என்றாள் மாரியம்மாள்.

சித்தப்பன் வீட்டில் அவன் இல்லை. படகைத் தள்ளிக்கொண்டு முகத்துவாரப் பக்கம் போனான் என்றாள் சித்தி. இத்தனை வருஷம் கழித்துக் கடலுக்குப் போகிறானே என்று அவளுக்குச் சந்தோஷம். அதைக் கேட்டதும் மாரியம்மாள் ஓட ஆரம்பித்தாள்.

பொழுது சாயத் தொடங்கியிருந்தது. உப்பங்கழியின் கரையில், சுரபுன்னை மரங்கள் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும் இடத்தில், ஒரு சின்னப் படகு அப்போதுதான் நகர்ந்துகொண்டிருந்தது. அதில் ஒருத்தன் துடுப்போடு நின்றான். முப்பது வயதிருக்கும். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது.

மாரியம்மாள் புடவையோடு தண்ணீருக்குள் இறங்கினாள். இடுப்பளவு போய்ப் படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். படகுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"வல எங்கடா?"

அவன் துடுப்பை இறுக்கிப் பிடித்தான்.

"வல இல்லாம, சோறு தண்ணி இல்லாம எங்கடா கெளம்புன?"

படகில் துடுப்பைத் தவிர ஒன்றுமே இல்லை. கரையில் நின்ற பொன்னி அதைப் புரிந்துகொண்டு ஞானசேகரனின் கையை இறுகப் பற்றினாள். அவர் விடுவித்துக்கொள்ளவில்லை.

பூவரசன் துடுப்பைக் கீழே போட்டான். படகில் உட்கார்ந்து, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு பேசினான். பாதி தண்ணீரோடு போனது. மீதியைச் சேர்த்து ஞானசேகரன் புரிந்துகொண்டார்.

தடுப்புச் சுவருக்குக் கம்பி எதற்கு, அதெல்லாம் தண்டம் என்று வைத்திலிங்கம் புதுக் கட்டைத் தொடவிடவில்லை. கம்பி இல்லாமல் கல் வைக்கமாட்டேன் என்று சடையப்பன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேலை நின்றால் எல்லாருக்கும் கஷ்டம். நான் கொண்டு வரேன் மாமா என்று பூவரசன்தான் சொன்னான். புயலில் விழுந்த அவன் அப்பா வீட்டின் உடைந்த கான்கிரீட் விட்டத்திலிருந்து கம்பியைப் பிரித்தான். துருவைத் தேய்த்தான். மாமா பார்த்தால் வேண்டாமென்பார் என்று சிமென்ட்டைப் பால்போலக் கரைத்து, அதில் முக்கி உலர்த்திக் கொண்டுவந்து கொடுத்தான்.

"கடல் தொட்ட இரும்ப மறுபடி செவுத்துல வெக்காதடான்னு அப்பா சொல்லும் யக்கா. நான் வெச்சேன். அது அந்தப் பெரியவரத் தின்னுடுச்சு."

"எதுக்குடா உருவுன?" என்றாள் அவள்.

"துருவப் பாத்தா மாமாவத்தான புடிப்பாங்க. கம்பியே இல்லன்னா, வேணாம்னு சொன்ன மொதலாளிதான மாட்டுவாரு. அப்பிடித்தான் நெனச்சேன். அந்தாளு, நான் குடுத்தேன்னு ஒரே வார்த்தையில மாத்திச் சொல்லுவாருன்னு எனக்குத் தெரியல யக்கா."

மாரியம்மாள் அவன் கன்னத்தில் அறைந்தாள். அறைந்த கையாலேயே அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். படகு ஆடியது.

ஞானசேகரன் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார்.

"கம்பி எங்க?"

சுரபுன்னை வேர்களுக்கடியில் சேற்றில் புதைத்திருந்தான். இறங்கி மூழ்கி, ஒவ்வொன்றாக உருவிக் கரைக்குக் கொடுத்தான். சிதம்பரத்திலிருந்து தன் டி.வி.எஸ். வண்டியின் பக்கத்தில் கட்டி எடுத்து வந்தானாம். அப்போது மடக்கினாயா, வளைத்தாயா என்று ஞானசேகரன் இரண்டு தரம் கேட்டார். இல்லை, பின்னால் நீட்டிக்கொண்டிருக்க அப்படியே கொண்டுவந்ததாகச் சொன்னான். மொத்தம் எட்டுக் கம்பிகள். பொன்னி தன் துப்பட்டாவால் சேற்றைத் துடைத்தாள். இது டிரை வாஷ் கேஸ் சார் என்று முணுமுணுத்தாள். யாரும் சிரிக்கவில்லை, அவளும்தான்.

ஞானசேகரன் மணலில் கம்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்தார். தூணுக்குள் போயிருந்த கொக்கி முனைகளெல்லாம் ஒரே பக்கம் வரும்படி சரிசெய்தார். பிறகு எழுந்து நின்று பார்த்தார். முதலில் தன் கண்ணையே நம்பாமல் இன்னொரு பக்கமாகப் போய் நின்று பார்த்தார்.

எட்டுக் கம்பியும் வளைந்திருந்தன. சில கொஞ்சம், சில அதிகம். ஆனால் கொக்கியிலிருந்து ஒரே தூரத்தில், ஒரே பக்கமாக, நறுக்கென்று முட்டி மடித்ததுபோல. பொன்னி தலைமுடி ரிப்பனை அவிழ்த்து அந்த மடிப்புகளின் மேலே குறுக்காகப் பிடித்தாள். ரிப்பன் எட்டு மடிப்பையும் தொட்டுக்கொண்டு நேராக நின்றது.

"சுவர் தானா விழுந்திருந்தா கம்பி கண்ட எடத்துல கோணியிருக்கும்," என்றார் ஞானசேகரன். "இது அப்படியில்ல. ஏதோ ஒண்ணு, நேரான ஓரம் உள்ளது, நல்ல கனமானது, பின்னாலேந்து சாஞ்சு அழுத்தியிருக்கு."

பூவரசன் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றான். அவன் உதடு அசைந்தது.

"கிரானைட்டு."

சனிக்கிழமை சாயங்காலம் லாரியில் வந்தது. கீழே மழை பெய்தால் கறை படும் என்று முதலாளிதான் மாடியில் ஏற்றி, அந்தச் சுவரின் பின்பக்கம் சாய்த்து வைக்கச் சொன்னார். ஞாயிறு ராத்திரி இவன் காவலுக்குப் போனபோது அவை கீழே முற்றத்தில் இருந்தன. யார், எப்போது இறக்கினார்கள் என்று இவன் யோசிக்கவே இல்லை. இவன் கண்ணில் இவன் கம்பி மட்டும்தான் இருந்தது.

ஒரே நாளில் இரண்டு பேர் ஒளித்திருக்கிறார்கள். ஒருவர் பலகையை. ஒருவன் கம்பியை. ஒளிக்க வேண்டியவர் ஒளித்த குற்றத்துக்கு, ஒளிக்க வேண்டாதவன் ஒளித்த கம்பியே சாட்சியாகத் தப்பியிருக்கிறது.

பொன்னி செல்போனைத் திறந்து படத்தைப் பெரிதாக்கினாள். அவள் கன்னத்துக்குப் பக்கத்தில், பலகையின் விளிம்பில், அந்தச் செங்காவித் தீற்றல். குங்குமம் இல்லை, கம்பியில் மோதுமுன் அந்த விளிம்பு நொறுக்கிய களிமண் கல்லின் தூள்.

"தொடச்சாலும் இது இருக்கு சார். டைமும் போட்டிருக்கு," என்றாள். அவள் குரலில் கேலி இல்லை.

ஞானசேகரன் குந்தி உட்கார்ந்து ஒரு கம்பியை நுனியிலிருந்து நுனிவரை விரலால் தடவினார். துரு மேலோடுதான். ஒரு கம்பிகூட அறுந்திருக்கவில்லை.

"உங்க அப்பா வீட்டு இரும்பு யாரையும் கொல்லல தம்பி," என்றார். "இத்தனை வளையறவரைக்கும் அந்தப் பாரத்தப் புடிச்சு நிறுத்தியிருக்கு. கீழ படுத்திருந்தவரு முழிச்சிருந்தா எழுந்து போயிருக்கலாம்."

பூவரசன் முகத்தை மூடிக்கொண்டான்.

ஆனால் மாரியம்மாள் ஞானசேகரனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இன்னும் சொல்லாதது ஒன்று இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எந்தம்பிய வுட்டுடுவாங்களா சார்?"

பொய் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். அவர் தண்ணீரைப் பார்த்தார். இந்தக் கம்பிகள் அந்தச் சுவருடையவை என்று யார் சொல்வது? எடுத்தவன் சொல்ல வேண்டும். இந்தக் கம்பியை அந்தக் கலவைப் பள்ளத்தில் வைத்துக் காட்ட வேண்டும், அதுவும் காலையில் இடிபாட்டை அள்ளுவதற்கு முன்னால். சடையப்பன் மாஜிஸ்திரேட் முன்னால் வாயைத் திறப்பதற்கு முன்னால். அதைச் செய்தால் சாட்சியத்தைக் கலைத்ததாக இவன் மேல் வழக்கு வரும்.

"வரும்," என்றார். "கேஸ் வரும். எவ்வளவு தூரம் போகும்னு எனக்குத் தெரியாது. ஆனா இவன் வந்து சொல்லலன்னா இது வெறும் எட்டுக் கம்பிதான்."

பூவரசன் படகைப் பார்த்தான். கயிறு இன்னும் கட்டப்படவில்லை. கழியில் நீர் வற்றத் தொடங்கியிருந்தது. படகு தானாகவே முகத்துவாரப் பக்கம் மூக்கைத் திருப்பியது. ஒரு தள்ளுத் தள்ளினால் போதும்.

மாரியம்மாள் அவனைத் தடுக்கவில்லை, கூப்பிடவுமில்லை. நனைந்த முந்தானையைப் பிழிந்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். குனிந்து எட்டுக் கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்து, மடிப்புக் கலையாமல் பொன்னியின் ரிப்பனால் கட்டினாள். கட்டின் ஒரு முனையைத் தூக்கித் தோளில் வைத்தாள். நீளமான கம்பி, மறுமுனை மணலில் இழுபட்டது. அப்படியே வேனை நோக்கி நடந்தாள். மணலில் ஒரு கோடு விழுந்தது.

ஞானசேகரன் நகரவில்லை. பொன்னி ஓடிப்போய்த் தூக்க ஒரு அடி எடுத்து வைத்தாள். அவர் கையை நீட்டி அவளை நிறுத்தினார்.

மாரியம்மாள் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தாள். பத்தடி, பதினைந்தடி. மணலில் அந்தக் கோடு நீண்டது.

பிறகு அது நின்றுபோனது. மறுமுனை தரையை விட்டு எழும்பியிருந்தது.

அவள் தோளில் பாரம் குறைந்தது. அப்போதும் அவள் திரும்பவில்லை.

"பாத்துத் தூக்குடா," என்றாள். "கைல காயம்."